பகைத்துக்கொள்ளாதே என்னும் அறிவுரை

ஓர் ஆசிரியர் தங்கள் பிள்ளையை விடாமல் இழிவுபடுத்துகிறார் என்று தெரியவந்தால் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு நாலா பக்கமிருந்தும் ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது: “வாத்தியாரைப் பகைச்சுக்காதீங்க, நாளைக்கு அவர்கிட்டதான் உங்க புள்ள படிக்கணும்.” வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், அதே பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் நண்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார். சில சமயம் அந்தப் பிள்ளையே “நீ வந்து கேக்காதம்மா” என்று கெஞ்சுகிறது. மார்க்கில் கை வைப்பார்கள், டிசியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், வருடம் முடிந்தால் வேறு டீச்சர் வந்துவிடுவார், அதுவரை பல்லைக் கடித்துக்கொள் என்று அந்த அறிவுரை விரிகிறது. இதைச் சொல்பவர்கள் பிள்ளைமேல் அக்கறை உள்ளவர்கள்தான். ஆனாலும் அறிவுரை தவறானது. நம் சட்டமும் தேர்வு முறையும் பள்ளி நிர்வாகமும் நடைமுறையில் எப்படி இயங்குகின்றன என்று பார்த்தால், பேசாமலிருக்கும் பெற்றோரின் பிள்ளைதான் கூடுதல் ஆபத்தில் இருக்கிறது. எழுத்தில் கேட்ட பெற்றோரின் பிள்ளைக்கு ஒரு வேலியாவது இருக்கிறது.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைக் கண்டிப்பதும், பேசிக்கொண்டே இருப்பவனை இடம் மாற்றி உட்காரவைப்பதும் ஆசிரியரின் வேலை. நாற்பது ஐம்பது பிள்ளைகளை நாள் முழுக்கச் சமாளிப்பவர் ஒரு நாள் பொறுமை இழந்து கத்தினார் என்பதற்காக யாரும் மனு எழுத வேண்டியதில்லை. நான் சொல்வது, ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்ப, எல்லார் முன்னாலும், அது செய்த தவறோடு சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிக் குத்துவதை. “நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்பது, கறுப்பு என்றும் குண்டு என்றும் திக்குவாய் என்றும் சொல்லி வகுப்பைச் சிரிக்கவைப்பது, தூக்கிய கையைப் பார்க்காததுபோல் கடந்துபோவது, மக்குப் பெஞ்சு என்று ஒரு வரிசையை ஒதுக்கி வருடம் முழுக்க அதிலேயே உட்காரவைப்பது, ஒன்றுக்குப் போகக் கேட்டால் அனுப்பாமல் தவிக்கவிடுவது, கட்டணம் கட்டாத பிள்ளையை வாசலில் நிறுத்துவது. தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் பள்ளிகளுக்கு வகுத்த வழிகாட்டு நெறிமுறைகள் மனரீதியான துன்புறுத்தல் எது என்பதைப் பட்டியலிட்டே சொல்கின்றன. குத்தலான பேச்சு, அவமானப் பெயர் வைத்து அழைப்பது, குடும்ப நிலையையோ பெற்றோரின் தொழிலையோ சாதியையோ சொல்லி இழிவுபடுத்துவது, எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை என்று வகுப்பில் சிறுமைப்படுத்துவது எல்லாம் அதில் வருகின்றன. கற்றல் குறைபாடோ கவனக் குறைபாடோ இருக்கும் பிள்ளையை அது தெரியாமல் தண்டிப்பதையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே பிரம்பு படவில்லையே, வெறும் பேச்சுத்தானே என்ற சமாதானம் சட்டத்தின் முன் எடுபடாது.

இது எங்கோ ஒரு பள்ளியில் ஒரு கொடுமைக்காரர் செய்யும் காரியம் என்று நினைக்கவும் இடமில்லை. ஒன்றிய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் மூவரில் இருவர் பள்ளியில் உடல் தண்டனைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தேசிய ஆணையம் 2009-10 கல்வியாண்டில் ஏழு மாநிலங்களில் 6,632 பிள்ளைகளிடம் விசாரித்தபோது, எந்தத் தண்டனையும் வாங்கியதில்லை என்று சொன்னவர்கள் ஒன்பதே பேர். அந்த ஆய்வில் பிரம்படியைவிட என்னை அதிகம் உலுக்கும் எண்ணிக்கை ஒன்று இருக்கிறது. ‘உனக்கெல்லாம் படிப்பு வராது’ என்ற வகையில் ஆசிரியர் சொல்லக் கேட்டதாக 81 விழுக்காட்டினர் கூறியிருக்கிறார்கள். பிரம்படியின் வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிடும். படிப்பு சொல்லிக்கொடுக்கவென்றே நியமிக்கப்பட்டவர் உனக்குப் படிப்பு வராது என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளை அதை எங்கே போய் மறுக்கும்?

இங்கேதான் நம் ஊரின் மிகப் பழைய வாதம் குறுக்கே வந்து நிற்கிறது. “நாங்களும்தான் அடி வாங்கினோம், திட்டு வாங்கினோம், என்ன கெட்டுப்போய்விட்டோம்?” பிள்ளையைப் பள்ளியில் விடும்போதே “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்த பரம்பரையின் வாதம் அது. அந்தப் பெற்றோர் பெரும்பாலும் எழுதப் படிக்க வாய்ப்பில்லாதவர்கள், தங்களுக்குக் கிடைக்காதது பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்ற தவிப்பில் அப்படிச் சொன்னார்கள். அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ‘என்ன கெட்டுப்போய்விட்டோம்’ என்று இன்று கேட்பவர்கள் எல்லாரும் தாக்குப்பிடித்துப் படித்து முடித்தவர்கள். ஐந்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து பள்ளிக்குப் போவதை நிறுத்திய பையன் இந்த விவாதத்திற்கு வருவதே இல்லை, அவன் அப்போதே வேலைக்குப் போய்விட்டான். ‘யங் லைவ்ஸ்’ என்ற பெயரில் நான்கு நாடுகளில் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுத் திட்டத்தில், ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் எட்டு வயதுப் பிள்ளைகளில் 78 விழுக்காட்டினர் கடந்த ஒரே வாரத்தில் ஆசிரியரிடம் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். பள்ளி ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டபோது பிள்ளைகள் முன்வைத்த முக்கியக் காரணங்களில் ஆசிரியரின் அடியும் ஒன்று. அதே திட்டத்தில் பெரு நாட்டில் எட்டு வயதில் அடி வாங்கிய பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் கணக்கில் பின்தங்கியிருந்தார்கள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மழலையர் வகுப்பிலிருந்து இளமைப் பருவம் வரை பின்தொடர்ந்து செய்த ஆய்வு, ஆசிரியரின் வசைச் சொல்லுக்கு ஆளான பிள்ளைகள் படிப்பிலும் நடத்தையிலும் பின்னாளில் கூடுதல் சிக்கலைச் சந்தித்ததைக் காட்டியது. அடியும் வசையும் படிப்பை வளர்க்கும் என்ற நம்பிக்கைக்கு எதிராகவே சான்றுகள் நிற்கின்றன.

‘பேசாமலிரு’ என்ற அறிவுரையின் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. பெற்றோர் அமைதியாக இருந்தால் ஆசிரியரும் காலப்போக்கில் அமைதியாகிவிடுவார் என்பது அந்தக் கணக்கு. இது எங்கே பொய்க்கிறது என்று பார்க்க, எந்தப் பிள்ளை குறிவைக்கப்படுகிறது என்று கவனித்தால் போதும். ஊராட்சித் தலைவரின் மகனை, வழக்கறிஞரின் மகளை, பள்ளித் தாளாளருக்கு வேண்டியவர் வீட்டுப் பிள்ளையை எந்த ஆசிரியரும் மாடு மேய்க்கச் சொல்வதில்லை. கேட்க ஆள் வராத வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்தச் சொல் கிடைக்கிறது. அப்பா வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளை, பாட்டி வளர்க்கும் பிள்ளை, பெற்றோர் கூட்டத்திற்குக் கூலி வேலையை விட்டுவிட்டு வரமுடியாத வீட்டுப் பிள்ளை. முதல் அவமானம் பெரும்பாலும் ஆத்திரத்தில் வாயிலிருந்து விழுந்ததாகவே இருக்கலாம். அதற்கு வீட்டிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை என்றால் இரண்டாவது எளிதாகிறது, பத்தாவது பழக்கமாகிறது. ஸ்டூவர்ட் ட்வெம்லோவும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவின் ஏழு தொடக்கப் பள்ளிகளில் 116 ஆசிரியர்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் ஏதோ ஒரு சமயம் ஒரு மாணவரைத் துன்புறுத்தியதுண்டு என்று 45 விழுக்காட்டு ஆசிரியர்கள் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். பலருக்கும் செய்யும்போதோ செய்த பிறகோ தெரிகிறது. தெரிந்தும் நிறுத்த வைக்கும் ஒன்று வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது. பெற்றோரின் மௌனம் அந்த வெளிக்காரணத்தை இல்லாமல் செய்துவிடுகிறது. சக மாணவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். டீச்சரே சிரிக்கும் பிள்ளையைப் பார்த்து நாமும் சிரிக்கலாம் என்று ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிறார்கள், அடுத்து இடைவேளையிலும் பேருந்திலும் அந்தப் பிள்ளைக்கு நிம்மதி போய்விடுகிறது.

சரி, பழிவாங்கினால்? இதுதான் எல்லா அறிவுரைக்கும் கடைசிப் பிடி. இந்தப் பயத்தை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொள்ளாமல், ஆசிரியர் கையில் உண்மையில் எந்த அதிகாரம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதலில் மார்க். ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளியில் போடும் மதிப்பெண் எந்தப் பொதுத் தேர்வுச் சான்றிதழிலும் ஏறுவதில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கவும் முடியாது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுத் தாள்கள் பெயர்ப் பகுதி நீக்கப்பட்டு மதிப்பீட்டு மையத்தில் வேறு ஆசிரியர்களால் திருத்தப்படுகின்றன, வகுப்பாசிரியர் விரும்பினாலும் அதைத் தொட முடியாது. அவர் கைக்கு எட்டுவது பன்னிரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திற்கும் உள்ள 10 அகமதிப்பீட்டு மதிப்பெண், பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வு, சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் பாடத்திற்கு 20. பொறியியலுக்கு முயல்பவர்களுக்கு ஒவ்வொரு மதிப்பெண்ணும் கணக்குத்தான், அதை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோரும் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோரும் இதே பயத்தைச் சொல்லித்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் விஷயத்தில் அந்தப் பயத்திற்கு ஆதாரமே இல்லை.

அடுத்தது டிசி. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வியை முடிக்கும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. நிறுத்திவைப்பது பற்றி 2019இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோதும் இந்தத் தடையைத் தொடவில்லை. அதே சட்டத்தின் 5ஆவது பிரிவு, பெற்றோரே வேறு பள்ளிக்கு மாற்ற விரும்பினால் மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும், தாமதிக்கும் தலைமை ஆசிரியர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம், சான்றிதழ் வரத் தாமதமானது என்று புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கூறியிருக்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது, எனவே அங்கே இந்தப் பிரிவுகளை நேராகக் காட்ட முடியாது என்பதையும் பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளைத் துன்புறுத்தலாம் என்று ஆகிவிடாது. தமிழ்நாடு அரசு தன் கல்வி விதிகளில் 51ஆவது விதியைத் திருத்திப் பிள்ளைகளுக்கு உடல் வேதனையும் மன வேதனையும் தருவதைத் தடைசெய்தது 2003இல், ஒன்றியச் சட்டம் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே. பதினெட்டு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவும் இருக்கிறது. தன் பொறுப்பில் உள்ள குழந்தைக்குத் தேவையற்ற உடல் வேதனையோ மன வேதனையோ ஏற்படுத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை தர அது வழி செய்கிறது.

மார்க்கும் டிசியும் போனபின் மிஞ்சுவது அன்றாட வகுப்பறை. புகார் கொடுத்த பிறகு அந்த ஆசிரியர் பிள்ளையோடு பேசாமல் விடலாம், “பெரிய இடத்துப் பிள்ளை, நாங்க ஒண்ணும் சொல்லக் கூடாது” என்று வகுப்பில் குத்தலாம், நோட்டைத் திருத்தாமல் திருப்பிக் கொடுக்கலாம். இது நடக்கும். இந்தப் பயம் உண்மையானது என்று ஒப்புக்கொள்ளாமல் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. ஆனால் ‘பேசாமலிரு’ என்பவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. புகாருக்கு முன்னால் செய்யப்படும் அதே புறக்கணிப்புக்கும் குத்தலுக்கும் பள்ளி ‘ஒழுக்கம்’ என்று பெயர் கொடுத்துவிட முடியும். பிள்ளை சரியில்லை, சேட்டை, படிப்பதில்லை என்று சொல்லிவிடலாம். தேதியிட்டு, பள்ளி முத்திரையோடு ஒப்புகை பெற்ற ஒரு கடிதம் பெற்றோர் கையில் வந்துவிட்டால், அதற்குப் பின் நடக்கும் ஒவ்வொன்றும் பழிவாங்கலாகவே படிக்கப்படும். தலைமை ஆசிரியருக்கு இது தெரியும், கல்வி அலுவலருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அக்டோபரில் புகார், நவம்பரில் திடீரென்று வருகைப் பதிவில் குளறுபடி என்றால் யாராவது விளக்கம் சொல்லியாக வேண்டும். வாய்மொழியாகக் கெஞ்சிவிட்டு வந்த பெற்றோருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, மௌனமாக இருந்தவர்களுக்கு அறவே இல்லை. எனவே பழிவாங்கலுக்குப் பயப்படுபவர்கள்தான் எல்லாரையும்விட முதலில் எழுத வேண்டும்.

எழுதுவது என்றால் எப்படி? முதலில் பிள்ளையிடம் கேட்க வேண்டும், குறுக்கு விசாரணை செய்யாமல். “நீ என்ன பண்ணின?” என்று தொடங்கும் கேள்வி பிள்ளையின் வாயை மூடிவிடும். என்ன நடந்தது, எந்தப் பீரியட், என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் பிள்ளையின் சொற்களிலேயே, திருத்தாமல், தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள், பெற்றோர் வாட்ஸப் குழுவில் பிள்ளையைப் பற்றிப் போட்ட செய்தி இருந்தால் படம் எடுத்துவைக்க வேண்டும். விஷயம் சொல்லளவில் இருந்தால் முதலில் அந்த ஆசிரியரையே, பிள்ளையை அழைத்துக்கொண்டு போகாமல், வீட்டார் இருவராகப் போய்ப் பார்ப்பது நியாயம். குற்றம் சாட்டாமல், நடந்ததைச் சொல்லி, இனி நடக்கக் கூடாது என்று கேட்க வேண்டும். பல இடங்களில் இதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் தலைமை ஆசிரியருக்குக் கடிதம். ஒரு பக்கத்திற்கு மேல் வேண்டாம், வசை வேண்டாம், ஊகம் வேண்டாம். எந்த நாளில் என்ன நடந்தது என்பதும், என்ன கேட்கிறோம் என்பதும் போதும். ‘அவரை வேலையை விட்டு நீக்குங்கள்’ என்று தொடங்காமல், ‘இந்த நடத்தை நிற்க வேண்டும், பிள்ளையை வேறு பிரிவுக்கு மாற்றித் தரலாம், எடுத்த நடவடிக்கையை ஒரு வாரத்தில் எழுத்தில் தெரிவியுங்கள்’ என்று நிறைவேற்றக்கூடியதைக் கேட்பது பலன் தரும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்தால் அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிகளுக்கென்று தனியாகவே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி எழுத்துப்பூர்வமான புகாரை மூன்று மாதத்திற்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும், திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்களும் இருக்கின்றன. அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ ஆனால், புகார்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டாலே கிடப்பில் கிடந்த கோப்பு நகரும்.

இந்தப் படிகள் எதற்கும் காத்திருக்கக் கூடாத மூன்று நிலைமைகள் உண்டு. காயம் பட்டிருந்தால் முதலில் அரசு மருத்துவமனை, அங்கே விபத்துப் பதிவேட்டில் ஏற்றி நகல் கேட்டு வாங்குவது, பிறகு காவல் நிலையம். பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பிள்ளையைச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விஷயம், பள்ளி பேசித் தீர்க்கும் விஷயமாக இனி இல்லை. நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்திற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவரின் சாதியை நேராகவோ மறைமுகமாகவோ குறிப்பிட்டு ஆசிரியர்கள் பேசக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்திருப்பது, வகுப்பறைக்குள் அது இன்னும் புழங்குகிறது என்பதால்தான். பாலியல் சீண்டல் என்றால், தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாத பள்ளித் தலைமையே போக்சோ சட்டத்தின்கீழ் தண்டனைக்கு உரியது. “நாங்களே பார்த்துக்கிறோம், வெளியே போக வேண்டாம்” என்று எந்த முதல்வராவது சொன்னால் அந்த நிமிடமே வெளியே வந்து 1098ஐ அழைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் தரப்பிலிருந்து வரும் மறுப்பு ஒன்று உண்டு, அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஆசிரியர்களுக்கு மரியாதை போய்விட்டது, மாணவர்கள் கத்தியோடு வருகிறார்கள், கண்டித்தால் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள், இதில் புகாரையும் ஊக்குவித்தால் எந்த ஆசிரியர் வாயைத் திறப்பார் என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்லும் நிலைமை கற்பனையில்லை. 2023 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் புகுந்து ஆசிரியரைத் துரத்தித் தாக்கியவர்கள் கைதானார்கள். அந்தச் செயலுக்கு எந்த நியாயமும் கிடையாது. பிள்ளையின் முகத்தைக் காட்டி வீடியோ போட்டு ஆசிரியரை ஊர் முன் நிறுத்துவதும் அப்படித்தான், அதில் முதலில் அசிங்கப்படுவது பிள்ளை. ஆனால் இந்தச் சம்பவங்கள் என் வாதத்திற்குத்தான் வலுச் சேர்க்கின்றன. எழுத்தில் கேட்கும் வழி அடைபட்டுக் கிடக்கும் இடத்தில்தான் ஆத்திரம் கையை ஓங்குகிறது. எழுத்துப் புகார் வந்தால் ஆசிரியருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரப்பட்ட பிறகே நடவடிக்கை எடுக்க முடியும், தவறு செய்யாதவருக்கு அதுவே கவசம். வகுப்பில் ஒழுங்காக நடந்துகொள்ளும் பெரும்பான்மை ஆசிரியர்களுக்கு இழிசொல் பேசும் ஒரு சக ஆசிரியரால் வரும் கெட்ட பெயர் கொஞ்சநஞ்சம் இல்லை, அந்த ஒருவரைப் பற்றி ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு கண்டித்தேன் என்ற வாதத்தை ஏற்று நீதிமன்றங்கள் ஆசிரியர்களை விடுவித்ததும் உண்டு. அதனாலேயே, காயமோ வன்கொடுமையோ இல்லாத இடத்தில் குற்ற வழக்குக்கு ஓடுவதைவிட நிர்வாக வழியில் நிறுத்தவைப்பது பிள்ளைக்கு விரைவாகப் பயன் தரும்.

பிள்ளைகள் பொய் சொல்வார்கள், மிகைப்படுத்துவார்கள் என்பது இன்னொரு மறுப்பு. சொல்வார்கள்தான். ஆனால் நாம் பார்க்கும் பொய்களில் பெரும்பாலானவை எந்தத் திசையில் இருக்கின்றன? வயிற்று வலி என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போடுவதும், வாங்கிய அடியை விழுந்துவிட்டேன் என்று மறைப்பதும்தான் அதிகம். வீட்டில் சொன்னால் “நீ என்ன பண்ணியிருப்ப” என்று இரண்டாவது திட்டு விழும் என்பது பிள்ளைக்குத் தெரியும். அப்படியும் சந்தேகம் வந்தால் அதே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் வீட்டில் விசாரித்தால் ஒரு மாலையில் உண்மை தெரிந்துவிடும். சந்தேகம் விசாரிப்பதற்கான காரணம், அதை விசாரிக்காமல் இருப்பதற்கான காரணமாக மாற்றிக்கொள்வது பெற்றோரின் கடமை தவறுதல். பேசாமல் வேறு பள்ளியில் சேர்த்துவிடலாமே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை உடைந்துபோயிருந்தால் தாராளமாக மாற்றுங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் ஒரே பள்ளி உள்ள ஊரில் அந்த வழி கிடையாது. மாற்ற முடிந்தவர்கள்கூட ஏன் மாற்றினோம் என்று எழுதிக் கொடுக்காமல் போனால் அந்தக் காலி இடத்தில் ஜூன் மாதம் இன்னொரு பிள்ளை வந்து உட்காரும்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு ஏழைப் பெற்றோருடையது. கடிதம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு கிடைப்பவர்களுக்கு இதெல்லாம் சரி, நூறு நாள் வேலைக்குப் போகும் நாங்கள் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று அவர்கள் கேட்டால் அதற்கு எளிதான பதில் கிடையாது. வழிகள் உண்டு, ஆனால் அவை துணை இல்லாமல் நடக்க முடியாத வழிகள். அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். சுற்றுச்சுவருக்கும் கழிவறைக்கும் தீர்மானம் போடுவதோடு அந்தக் குழுக்கள் நின்றுவிடுகின்றன. பிள்ளைகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் பேசவேண்டிய பொருளாக எழுதிவைக்க எந்த ஆணையும் தேவையில்லை, ஒரு தாய் எழுந்து கேட்டால் போதும். அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற பெயரில் பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதை யார் திறக்கிறார்கள், எழுதிப் போட்ட பிள்ளையின் கையெழுத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்க வேண்டியவர்களும் இந்தக் குழுவினர்தான். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தால் பதிவு எண்ணோடு ரசீது கிடைக்கும். உடல் தண்டனையை ஒழிக்கும் நெறிமுறைகளை எல்லாப் பள்ளிகளிலும் நடைமுறைப்படுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் மாநில அரசுக்கு உத்தரவிட்டிருப்பதை அந்த மனுவில் ஒரு வரியில் குறிப்பிடலாம். தனியார் பள்ளிகளில் இந்தக் குழுவும் இல்லை, தனியாக நிற்கும் பெற்றோரிடம் “பிடிக்கலைன்னா கூட்டிட்டுப் போயிடுங்க” என்று சொல்லிவிடுகிறார்கள்.

அந்த ஒற்றை வாக்கியம் ஒருவரிடம்தான் செல்லும், ஐந்து பேரிடம் சொல்ல எந்தத் தாளாளருக்கும் துணிவு வராது. ஆகவே கடைசியாக நான் வேண்டிக்கொள்வது, பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோரிடம் அல்ல. உங்கள் பிள்ளை நன்றாகப் படிக்கிறது, அந்த ஆசிரியருக்கு உங்கள் பிள்ளையை மிகவும் பிடிக்கும், வகுப்பில் நடப்பதைச் சாப்பிடும்போது ஒரு கதைபோல உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறது. “இன்னிக்கும் அவனை வெளியில நிக்க வெச்சுட்டாங்கம்மா” என்று அது சொல்வதை நீங்கள் பல நாள் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பையனின் அம்மா நாளைக்குப் பள்ளி வாசலில் ஒரு காகிதத்தோடு உங்களிடம் வந்தால், பகைத்துக்கொள்ளாதே என்று அவருக்கு அறிவுரை சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளை சொன்னது உண்மை என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பெயருக்குக் கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டுக் கொடுங்கள்.